பழைய எண்ணெயில் உருகிய கண்ணாடி

உஷாந்தி கலியாணம் கட்டி சுவிஸுக்குப் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் படித்தது கணக்கியல். அங்கே கிடைத்தது ஏரிக்கரையில் இருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. ஆறி வந்த கிண்ணங்களையும் பூச்சாடிகளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். கீறலோ குமிழியோ இல்லாதவற்றைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். பிழையானவை இரும்புத் தொட்டிக்குள் போகும். உடைந்து விழும் சத்தம் முதல் கிழமை மனதை என்னவோ செய்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு மாரியில், உலைப் பக்கம் வேலை செய்தவன் ஒருவன் பனியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டான். வேறு ஆள் வரும்வரை ஊதுகுழாய்களைச் சூடாக்கிக் கொடுக்க யாராவது வேண்டுமென்று மேற்பார்வையாளர் பொதி அறையில் வந்து கேட்டார். மற்றப் பெண்கள் வெக்கை தாங்காது என்றார்கள். கொழும்பில் வளர்ந்தவளுக்கு வெக்கை என்ன புதிதா என்று உஷாந்தி எழுந்து போனாள்.

அந்த வெக்கை அவள் அறிந்த எந்த வெக்கையையும் போல இருக்கவில்லை. உலையின் வாயைத் திறந்தால் கண் இமையின் ஈரம் காய்ந்தது. உள்ளே இருந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது, கல் என்றும் சொல்ல முடியாது. வெளிச்சமே தடித்துக் கிடப்பதுபோல் இருந்தது. சில மாதங்கள் கழித்து, ஆட்கள் குறைந்த ஒரு நாளில், முதல் தடவையாகக் குழாயின் நுனியில் கண்ணாடியை அள்ளச் சொன்னார்கள். நுனியில் பாரம் ஏறியதைத் தோளில் உணர்ந்தாள். சுற்றுவதை ஒரு கணம் மறந்தாள். அது உடனே ஒரு பக்கமாக வழிந்து நிலத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவளை அறியாமல் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உஷாந்தி எதற்கும் அவசரப்படுகிற ஆள் இல்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். தகப்பன் இறந்த செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோதும் புத்தகங்களைப் பைக்குள் ஒழுங்காக அடுக்கிவிட்டுத்தான் எழும்பினாள். உருகிய கண்ணாடிக்கு முன்னால் மட்டும் அவளால் அப்படி நிற்க முடியவில்லை. அது காத்திருக்காது. சுற்ற வேண்டும், ஊத வேண்டும், ஈரமாக்கி மடித்த பத்திரிகைத் தாளைக் கையில் ஏந்தி அதற்கு உருக் கொடுக்க வேண்டும், இறுகுவதற்குள் மீண்டும் நெருப்பில் காட்ட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் அவள் வேறு ஒருத்தியாக இருந்தாள். கை முறிந்தவன் சுகமாகித் திரும்பி வந்தான். உஷாந்தி பொதி அறைக்குத் திரும்பவில்லை.

கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஓர் உணவகத்தின் குசினியில் பின்னேர வேலை. இவள் வீட்டுக்கு வரும்போது அவர் புறப்பட்டிருப்பார். மாடிப்படியில் சந்தித்தால் சோறு இருக்கிறதா, பால் வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொள்வார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் அவர் சொன்னார்.

"நாங்கள் பிரிவம் உஷா. சும்மா இப்பிடி இருக்கிறதிலை என்ன கிடக்கு?"

"ஓம்," என்றாள் அவள்.

பஸ் வராது என்று தரிப்பிடத்தில் யாரோ சொன்னால் எப்படி இருக்கும், அவ்வளவுதான் இருந்தது. அடுத்ததில் போகலாம் என்று தோன்றியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

தாய் சிவக்கொழுந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் தனியாக இருந்தார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு வெடித்தபோது தம்பி பிரசாந் கனடாவில் இருந்து அழைத்தான். அங்கே பிள்ளைகள் சின்னன், தன்னால் அசைய முடியாது என்றான். உஷாந்திக்கு அசைய முடியாதபடி எதுவும் இருக்கவில்லை. வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் கை சும்மா இருக்க மறுத்தது. கொழும்பில் கண்ணாடி ஊதும் உலை எங்கே என்று விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. தானே ஒன்றைக் கட்டலாம் என்று சூளைக் கல் தேடி ஆமர் வீதிப் பக்கம் அலைந்தபோது கடைக்காரர் ஒருவர் கொட்டாஞ்சேனை ஸமீமிடம் அனுப்பினார். ஸமீம் பித்தளையை உருக்கிக் கதவுக் கைபிடியும் தண்ணீர்க் குழாயும் வார்ப்பவர். வளவின் பின்பாதியில் பழைய இரும்பு குவிந்து கிடந்தது.

"கண்ணாடி உருக்கத் தானே?" என்றார் அவர். "நான் பித்தளை உருக்கிறேன், நீங்க கண்ணாடி உருக்குங்க. ரெண்டும் ஒண்டு தான் தங்கச்சி."

ஒன்றல்ல என்பது பிறகு அவருக்கு விளங்கியது. பித்தளையை உருக்கி வார்த்துவிட்டு நெருப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கண்ணாடி உலையை அணைக்க முடியாது. உள்ளே இருக்கும் களிமண் மூசையில் கண்ணாடி இறுகினால், அந்தத் தடித்த பெரிய சட்டியே பிளந்துபோகும். இரவும் பகலும் பெருநாளும் பொங்கலும் கேஸ் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இரவில் ஸமீமின் மனைவி ரிஸ்லா தூங்கப் போகுமுன் ஒருமுறையும் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது ஒருமுறையும் எட்டிப் பார்ப்பார். பார்க்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை.

உடைந்த வெள்ளைப் போத்தல்களைக் கழுவி நொறுக்கி உருக்கினார்கள். விளக்குக் கூடுகள், கிண்ணங்கள், உயரமான மெல்லிய ஜாடிகள் என்று உஷாந்தி செய்தாள். ஹோட்டல்கள் வாங்கின. சுவிஸில் படித்த கண் அவளை விடவில்லை. ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் தொட்டிக்குள் போட்டுவிடுவாள். "இதில என்ன பிழை?" என்று ஸமீம் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவள் காட்டுவாள். அவர் கண்ணுக்குத் தெரியாது.

அப்படி ஒன்பது வருடம் அந்த உலை எரிந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடெங்கும் கேஸ் இல்லாமல் போனது. வீதியோரங்களில் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வரிசையில் வைத்துவிட்டுச் சனம் குடை பிடித்துக்கொண்டு நின்றது. மின்வெட்டு வேறு. ஊதிய சாமான்களை மெதுவாக ஆறவைக்கும் மின்பெட்டி பாதியில் அணைந்து, உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக வெடித்தன. உஷாந்தி தீயைக் குறைத்தாள். பிறகு இன்னும் குறைத்தாள். ஸமீம் பேலியகொடை, தெமட்டகொடை என்று தெரிந்தவர்கள் வீட்டையெல்லாம் தட்டிவிட்டு, ஒரு முற்பகலில் வெறும் கையோடு வந்தார்.

"எல்லா எடமும் பெய்த்து வந்தேன். ஏலாது தங்கச்சி. சமைக்கவே கேஸ் இல்லாம பிள்ளைகுட்டிக்காரங்க நிக்கிறாங்க. அவங்ககிட்ட எப்பிடிக் கேக்கிற?"

"கேட்க வேண்டாம் நானா." அண்ணன் முறையில் அவரை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"அப்ப?"

"விடுவம்."

அவள் தன் கையாலேயே கேஸ் குழாயை மூடினாள். வழமையாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த இரைச்சல் நின்றது. வளவுக்கு வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் அப்போதுதான் கேட்டது. உலை வாயின் வெளிச்சம் மஞ்சளில் இருந்து செம்மஞ்சளாகி, சிவந்து, மங்கியது. ஸமீம் பார்க்க முடியாமல் முன்பக்கம் போய்விட்டார். அவள் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு உள்ளே மூசை பிளந்த சத்தம் கேட்டது, பலமாக ஒருமுறை. ரிஸ்லா கொண்டுவந்து வைத்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். ஏதாவது தோன்றுகிறதா என்று தனக்குள் பார்த்தாள். சோற்றில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று தோன்றியது.

வீட்டில் சிவக்கொழுந்து பல்கனியில் செங்கல் மூன்றை வைத்து விறகு மூட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடிக்காரர்கள் புகை வருகிறதென்று சத்தம் போட்டிருந்தார்கள்.

"அணைஞ்சிட்டுதோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"என்னோடை இருந்ததை விட அதோடைதான் நீ கூட இருந்தனீ." குற்றமாகச் சொல்லவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "இனியாவது நேரத்துக்கு வீட்டை வா."

நேரத்துக்கு வந்தாள். இரண்டு மாதமும் சில நாட்களும். ஆனி மாதத்தில் ஒரு விடியல், சிவக்கொழுந்து கட்டிலில் இருந்து எழும்பவில்லை. நித்திரையிலேயே போய்விட்டிருந்தார்.

பெற்றோல் இல்லாததால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். சொந்தக்காரர் ஒருவர் கைத்தொலைபேசியைப் பெட்டிக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்குள் இருந்து பிரசாந் அழுதான். "அம்மா, அம்மா" என்று அவன் கத்தியது அந்தச் சின்னக் கருவியில் கிறீச்சிட்டது. உஷாந்தி மாலைகளை நேராக்கினாள். வந்தவர்களுக்குச் சோடா கொடுத்தாயிற்றா என்று கவனித்தாள். பின்வரிசையில் ஒரு பெண் மற்றவளிடம் மெல்லச் சொன்னாள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, பாத்தனீரோ?" உஷாந்திக்கு அது கேட்டது. உண்மைதான் என்று நினைத்தாள்.

கல்கிசை மயானத்துக்கு அவளும் போனாள். கடமை செய்ய ஆண்பிள்ளை அங்கே இல்லை. தகன அறையின் இரும்புக் கதவு மேலே ஏறியபோது உள்ளே சூளைக் கற்கள் சிவந்து தெரிந்தன. அவள் கண் தானாக நிறத்தைப் படித்தது. இந்தச் சிவப்பு கண்ணாடிக்குக் காணாது, இதில் கண்ணாடி இளகும், உருகாது. இதை நினைத்தது தான்தானா என்று ஒருகணம் திகைத்தாள். பெட்டி உள்ளே போனது. கதவு இறங்கியது.

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் என்ன செய்தாள் என்று கேட்டால் அவளால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டாள். தாயின் உடுப்பு அலுமாரியைத் திறக்கவில்லை. பயமில்லை, தேவை வரவில்லை. சில பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அலையைப் பார்த்தால் மனம் லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். அலை வெறும் அலையாகத்தான் இருந்தது.

ரிஸ்லா ஒருநாள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் வட்டிலப்பம். குசினியையும் அவளையும் ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட வளவில அந்த உலை அப்பிடியே ஈக்குது. அவருக்கு இடம் வேணுமாம். வந்து ஒடைச்சுக் குடுங்க."

"நானாவையே உடைக்கச் சொல்லுங்கோ அக்கா."

"அவரால ஏலாது. சுத்தியலைத் தூக்கிறார், பொறகு வச்சிடுறார்."

உஷாந்தி போனாள். கல்லைப் பெயர்த்தாள். பிளந்த மூசைக்குள் கண்ணாடி ஒரே கட்டியாக இறுகிப் பச்சை பாய்ந்து கிடந்தது, பெரிய பூசணிக்காய் அளவில். உளியை வைத்து அடித்தாள். நாலைந்து நாள் தொடர்ந்து வந்து அடித்தாள். ஏன் வருகிறேன் என்று யோசிக்கவில்லை. வேலை முடியாமல் இருந்தது, அதனால் வந்தாள். கடைசித் துண்டு கழன்ற பின்னேரம் ஸமீம் வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஒண்டு சொல்லவா? பித்தளைக்கு நான் இப்ப கேஸ் பாவிக்கிறல்ல. கராஜ்ல கழிக்கிற எஞ்சின் ஒயில். காத்தடிச்சு எரிச்சா நல்ல சூடு. உங்கட கண்ணாடிக்கும் எரிச்சுப் பாப்பமா?"

"புகை படியும் நானா. கண்ணாடி ஊத்தையாத்தான் வரும்."

"வரட்டுமே. எப்பிடி வருது எண்டு பாக்கலாம்."

மறுப்பதற்கும் அவளிடம் காரணம் இருக்கவில்லை. புதிதாகச் சிறிய உலை கட்டினார்கள். கிழமைக்கு மூன்று நாள் எரித்து, மூசையில் ஒரு துளி கண்ணாடியும் மிச்சமில்லாமல் அள்ளி முடித்து, மெல்ல மெல்ல அணைத்துவிடலாம் என்பது ஸமீமின் யோசனை. எண்ணெய் தடித்த சத்தத்தோடு எரிந்தது. முதல்நாள் குழாயில் ஏறிய கண்ணாடி சாம்பல் நிறமாக, உள்ளே புகைக் கோடுகளும் பொடிக் குமிழிகளுமாக இருந்தது. பொதி அறையில் என்றால் கையில் எடுக்காமலே தொட்டிக்குள் தள்ளியிருப்பாள். இப்போது அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். தள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கை சுற்றிக்கொண்டிருந்தது. ஊதினாள்.

அந்தக் கண்ணாடி சீக்கிரம் இறுகியது. மெல்லியதாக ஊத அது விடவில்லை. ஆகவே தடித்த சுவரும் குறுகிய வாயுமாக ஜாடிகள் வந்தன. எல்லாம் பாரமானவை. நிலத்தில் வைத்தால் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தன. பழைய பரபரப்பு அவளிடம் இல்லை. கண்ணாடி வழிந்தால் சுற்றினாள், இறுகினால் சூடு காட்டினாள். பின்சுவரோரம் பலகை போட்டு அடுக்கிக்கொண்டே போனாள். ஸமீம் இப்போது என்ன பிழை என்று கேட்பதில்லை.

தாரிகா என்ற பெண் கதவுக் கைபிடி வார்க்கக் கொடுக்க வந்தவள். கொள்ளுப்பிட்டியில் கலைப்பொருட் கடை வைத்திருந்தாள். வளவின் பின்பக்கம் போனவள் திரும்பி வரவில்லை என்று ஸமீம் போய்ப் பார்த்தால், பலகைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.

"இதெல்லாம் நீங்களா செய்தது?" என்று உஷாந்தியைக் கேட்டாள். "இதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்யுது. செய்யும்போது என்ன நினைச்சுக்கொண்டு செய்தீங்க?"

உஷாந்தி யோசித்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை. "சுவர் ஒரே தடிப்பா வரோணும் எண்டு."

தாரிகா சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் அவளுடைய கடையின் மேல்மாடியில் அந்த ஜாடிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். சனம் வந்தது. தெரியாத ஒரு வயதான மனிதர் ஒரு ஜாடியின் முன் நெடுநேரம் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உஷாந்தி தூணருகே நின்று பார்த்தாள். அந்த ஜாடியை ஊதிய நாள் நினைவிருந்தது. அன்று பல்லுக்குத்து. வேறொன்றும் இல்லை. மெல்லியதும் துப்புரவானதுமாக, நெஞ்சு அடிக்க அடிக்கச் செய்த அந்த ஒன்பது வருடத்துச் சாமான்களைப் பார்த்து ஹோட்டல்காரர்கள் நல்லாயிருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான். எதுவுமே தோன்றாமல் செய்தவற்றைப் பார்த்து ஒருவர் அழுகிறார். இது நியாயமா என்று நினைத்தாள். நியாயமோ இல்லையோ, ரிஸ்லா கொண்டுவந்த பற்றிஸ் பலகாரம் முடிவதற்குள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்ததாக நினைத்தாள்.

தாயின் மூன்றாவது திவசத்துக்குத்தான் பிரசாந் வந்தான். அலுமாரியை அவன்தான் திறந்தான். சேலைகளைக் கட்டிலில் போட்டு அதன் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

"உனக்கு ஒண்டும் இல்லையோ அக்கா?"

"இருக்கும் எண்டுதான் நினைக்கிறன். எங்கை கிடக்குது எண்டு தெரியேல்லை."

அவன் திரும்பிப் போகும் நாள் காலையில் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். நெருப்பின் முன் சட்டை நனைய நின்று, அவள் அள்ளுவதையும் ஊதுவதையும் பார்த்தான். அவள் அன்று ஊதி, ஆறவைக்கும் பெட்டிக்குள் வைத்த ஜாடியின் தோளில் புகைக்கோடு ஒன்று சுற்றி ஏறியிருந்தது.

"இதைத் தாறியோ? அம்மான்ரை நினைவா வச்சிருக்க."

"நாளைக்குத்தான் பெட்டியாலை எடுக்கலாம். இப்ப எடுத்தால் வெடிச்சிடும்."

"எனக்குப் பின்னேரம் ஃப்ளைட். சரி, வச்சிரு. அடுத்தமுறை வரேக்கை கொண்டு போறன்."

"ஓம்," என்றாள்.

மறுநாள் அதை எடுத்துப் பலகையில் மற்றவற்றோடு வைத்தாள். அடுத்த கிழமை தாரிகா வண்டியோடு வந்தாள், பலகையில் இருந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனாள். உஷாந்தியே கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை. காலி வீதியில் மட்டக்குளி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பிரசாந் அழைத்தான். மார்கழியில் வரப்போகிறான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

"அந்த ஜாடி பத்திரமோ?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "அது போயிட்டுது."

"எங்கை போயிட்டுது?"

"தாரிகா கொண்டு போனவ. ஆரோ வாங்கியிட்டினம்."

"நான் கேட்டனான் அக்கா. அம்மாவுக்காக எண்டு சொல்லிக் கேட்டனான். உனக்கு அம்மாவும் ஒண்டு, உடைஞ்ச போத்திலும் ஒண்டு. அப்பிடித்தானே?"

சரி, இன்னொன்று செய்து தருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"நீ எங்கையடா நிண்டனீ? அம்மாவைக் குளிக்க வாத்தது ஆர்? இடுப்பிலை பிடிச்சுத் தூக்கினது ஆர்? நீ போனுக்குள்ளை இருந்து அழுதாய், எல்லாரும் பாவம் எண்டினம். நான் பக்கத்திலை நிண்டனான். நானும் அழுதிருந்தால் பெட்டியை ஆர் மூடுறது? சொல்லு, ஆர் மூடுறது?"

குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சேலைக் கடை வாசலில் நின்ற பெடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்னாசி வெட்டிக்கொண்டிருந்த மனிதர் கத்தியை நிறுத்திவிட்டு, "மொகத நோனே?" என்று சிங்களத்தில் என்ன விஷயமென விசாரித்தார். அவள் அவருக்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். பிரசாந்தும் கத்தினான். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. அவள்தான் துண்டித்தாள். பஸ் வந்தது. ஏறினாள்.

தன் உதடு இன்னும் அவனோடு சண்டை பிடிப்பதைக் கொள்ளுப்பிட்டி வரைக்கும் கவனித்துக்கொண்டே போனாள். அதைச் சுவாரசியமாகக்கூடக் கவனித்தாள். புறக்கோட்டையில் அது குறைந்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது நின்றிருந்தது. வழக்கம்போல ஆகிவிட்டாள்.

"என்ன தங்கச்சி, மொகம் ஒரு மாதிரி?" என்றார் ஸமீம்.

"தம்பியோடை சண்டை."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

ரிஸ்லா ரொட்டி கொண்டுவந்தார். உஷாந்தி சாப்பிட்டுவிட்டு உலையைத் திறந்தாள். முதல் அள்ளியது குழாயில் இருந்து நழுவி நிலத்தில் விழுந்து வெடித்தது. இரண்டாவது சரியாக வந்தது. அன்று நாலு ஜாடி ஊதினாள்.

மூன்று கிழமைக்கு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் அழைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பிரசாந்தே எடுத்தான். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றான். எத்தனை நாளாக, என்ன மருந்து கொடுத்தாய் என்று அவள் கேட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள். அங்கே கொத்தமல்லி கிடைக்கும் என்று அவன் சொன்னான். ஜாடியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.